மருந்துச் சீட்டில் பெண்... சோதனைக்கூடத்தில் ஆண்!

2015 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் ஒரு மாத்திரை விற்பனைக்கு அனுமதி பெற்றது. பெயர் ஃப்ளிபான்செரின். மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களில், தாம்பத்திய விருப்பம் குறைந்து அதனால் மன வேதனைப்படுபவர்களுக்கான மருந்து அது. அனுமதி வாங்கியதே பெண்களுக்காகத்தான். மது அருந்தியவர்கள் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழலாம் என்ற அச்சம் இருந்ததால், அதற்கென்றே தனியாக ஒரு சோதனை நடத்தினார்கள். மாத்திரையையும் மதுவையும் சேர்த்துக் கொடுத்துக் கண்காணிக்கப்பட்டவர்கள் 25 பேர். அவர்களில் 23 பேர் ஆண்கள்.

பெண்களை வைத்து மறுபடியும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நிபந்தனை போட்டது. ஆனால், மாத்திரை கடைக்கு வந்த பிறகுதான் அந்தச் சோதனைகள் நடந்தன.

இதை ஒரு நிறுவனத்தின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. எந்த டோஸ் சரி, எந்த அறிகுறி ஆபத்து, எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவம் எடுத்த முடிவுகளில் பெரும்பகுதி, பல பத்தாண்டுகளாக ஆண் உடலைப் பார்த்தே எடுக்கப்பட்டது. அதே மருந்துகளைத்தான் பெண்களும் விழுங்கினார்கள். ஆய்வில் இடம் தராததால் பெண்கள் ஆபத்திலிருந்து தப்பிவிடவில்லை. டாக்டர்களின் கண்காணிப்பில் தெரிந்திருக்க வேண்டிய பாதிப்பு, யாரும் கவனிக்காத வீட்டில் தெரிய ஆரம்பித்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

காப்பாற்றுவதாகச் சொல்லிக் கதவடைத்தார்கள்

பெண்களை ஆய்விலிருந்து விலக்கியதற்குப் பின்னால் உண்மையான ஒரு துயரம் இருக்கிறது. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. பாதுகாப்பானது என்று விளம்பரப்படுத்தப்பட்ட அந்த மருந்தை, மசக்கை வாந்திக்காகக் கர்ப்பிணிகளும் சாப்பிட்டார்கள். கையும் காலும் வளராத குழந்தைகள் நாடு நாடாகப் பிறந்தன. 1961 இறுதியில் மருந்து திரும்பப் பெறப்படுவதற்குள் பாதிக்கப்பட்ட குழந்தைகள் 10,000-க்கும் மேல். அமெரிக்கா பெருமளவுக்குத் தப்பித்ததற்குக் காரணம், எஃப்.டி.ஏ.வில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த பிரான்சஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி. நிறுவனம் எவ்வளவோ நெருக்கியும், கொடுத்த ஆதாரம் போதாது என்று அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

அடுத்த அடி 1971-ல் விழுந்தது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று சொல்லி 1940-களிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டுவந்த டி.இ.எஸ். என்ற செயற்கை ஹார்மோன், அவர்கள் பெற்ற மகள்களுக்கு இளம் வயதிலேயே அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்பது தெரிந்தது. அந்த மருந்தால் கருச்சிதைவு குறையவில்லை என்று 1953-லேயே சிகாகோவில் நடந்த ஆய்வு சொல்லியிருந்தது. அதற்குப் பிறகும் 18 வருடங்கள் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டு சம்பவங்களும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன: கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மருந்தை முறையாகச் சோதிக்க வேண்டும், சோதனை சொன்னதைக் கேட்க வேண்டும். அதிகாரிகளோ நேரெதிரான பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். 1977-ல் எஃப்.டி.ஏ. வெளியிட்ட வழிகாட்டுதல், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துச் சோதனைகளின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்றது. கல்யாணமாகாத பெண், கருத்தடை முறைகளைப் பின்பற்றும் பெண், கணவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பெண் என யாருக்கும் விலக்கு இல்லை. உயிர் போகும் நோய் இருந்தால் மட்டும் பரிசீலிக்கலாம். ஒரு பெண்ணின் முடிவெடுக்கும் உரிமையும், அவளுடைய உடலைப் பற்றிய அறிவும் ஒரே உத்தரவில் அடிபட்டுப் போயின.

20 வருடம் கழித்துத் தெரிந்த டோஸ்

வயதாகும்போது உடலில் என்ன நடக்கிறது என்று அறிய, 1958-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கியது. ஆண்களைவிடப் பெண்களே அதிக காலம் வாழ்கிறார்கள் என்பது அன்றைக்கும் தெரிந்த விஷயம். இருந்தும், அந்த ஆய்வு பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1978-ல்தான்.

இதய நோயில் கதை இன்னும் மோசம். மாரடைப்புக்கான காரணங்களைக் குறைக்க முடியுமா என்று பார்த்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில் 12,866 பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று கேட்ட இன்னோர் ஆய்வில் 22,071 டாக்டர்கள். அவர்களும் அத்தனை பேரும் ஆண்கள். ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு 44 சதவிகிதம் குறைந்தது என்று 1989-ல் முடிவு வந்தது. ஆணுக்குச் சரியென்றால் பெண்ணுக்கும் சரிதானே என்ற நம்பிக்கை ஊரெல்லாம் பரவியது.

பெண்களிடம் அதே கேள்வியைக் கேட்டு 39,876 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2005-ல் வெளியானது. டோஸ் குறைவு, கேள்வி அதேதான். பதில் வேறாக இருந்தது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பெண்களுக்கு முதல் மாரடைப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. பக்கவாதம் மட்டும் 17 சதவிகிதம் குறைந்திருந்தது. 65 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மாரடைப்பிலும் பலன் தெரிந்தது. யாருக்கு, எந்த வயதில், எதற்காக ஆஸ்பிரின் என்பதைப் பெண்களைக் கேட்காமல் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

தூக்க மாத்திரையான ஜோல்பிடெம் விஷயத்தில் இந்த அலட்சியம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. 1992-ல் அனுமதி பெற்ற அந்த மருந்து ஆண், பெண் இருவருக்கும் 10 மில்லிகிராம் என்றே எழுதிக் கொடுக்கப்பட்டது. ராத்திரி மாத்திரை போட்டு எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த பிறகும், கார் ஓட்டினால் ஆபத்து என்னும் அளவுக்கு மருந்து ரத்தத்தில் தங்கியிருந்தது ஆண்களில் சுமார் 3 சதவிகிதம் பேருக்கு. பெண்களில் சுமார் 15 சதவிகிதம் பேருக்கு. 2013 ஜனவரியில், பெண்களுக்கான டோஸை 5 மில்லிகிராமாகப் பாதியாகக் குறைக்கச் சொன்னது எஃப்.டி.ஏ. இடைப்பட்ட 20 வருடங்களில் காலையில் தலை சுற்றுகிறது, மந்தமாக இருக்கிறது என்று சொன்ன எத்தனை பெண்களிடம், ‘அதெல்லாம் உங்கள் மனப்பிரமை’ என்று சொல்லப்பட்டிருக்கும்?

மருந்து உடலில் பயணிக்கும் பாதையே ஆணுக்கும் பெண்ணுக்கும் பல இடங்களில் வேறுபடுகிறது. பெண்களின் வயிறு உணவைச் சற்று மெதுவாகவே குடலுக்குத் தள்ளுகிறது. உடலில் கொழுப்பின் விகிதம் அதிகம் என்பதால் கொழுப்பில் கரையும் மருந்துகள் கூடுதல் நேரம் தங்குகின்றன. கல்லீரலின் சில நொதிகள் வேகமாகவும் சில மெதுவாகவும் வேலை செய்கின்றன. சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் மாறுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்னூட்டம் அடங்கி அடுத்த துடிப்புக்குத் தயாராகப் பெண்களுக்குக் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தை இன்னும் நீட்டிக்கும் மருந்துகள் அவர்களுக்கு உயிர் பறிக்கும் துடிப்புக் கோளாறைக் கொண்டுவரலாம். ஒவ்வாமைக்கு வாங்கிச் சாப்பிட்ட டெர்ஃபெனடின் மாத்திரை அப்படித்தான் சந்தையிலிருந்து விலகியது. 1997-லிருந்து அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்ட 10 மருந்துகளை 2001-ல் அந்நாட்டு அரசுத் தணிக்கை அமைப்பு ஆராய்ந்தது. எட்டு மருந்துகள் பெண்களுக்கே கூடுதல் ஆபத்தை விளைவித்திருந்தன. அவற்றில் சில, பெண்களே அதிகம் வாங்கிய மருந்துகள். மற்றவற்றை இருபாலரும் வாங்கியிருந்தாலும் பாதிப்பு பெண்களுக்கே அதிகம்.

எலியிலும் ஆண் எலிதான்

மனிதர்களிடம் வருவதற்கு முன்பே இந்தப் பாகுபாடு ஆரம்பித்துவிடுகிறது. விலங்கு ஆய்வுக் கட்டுரைகளை அலசி 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று, உயிரியலின் 10 துறைகளில் எட்டில் ஆண் விலங்குகளே அதிகம் பயன்படுத்தப்படுவதைக் கண்டது. நரம்பியலில் ஒரு கட்டுரை பெண் விலங்கை மட்டும் வைத்து நடந்தால், ஐந்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் ஆண் விலங்கை மட்டும் வைத்து நடந்திருந்தன.

காரணம் கேட்டால், பெண் எலியின் ஹார்மோன் சுழற்சி முடிவுகளைக் குழப்பிவிடும் என்பது வழக்கமான பதில். அதையும் சோதித்துப் பார்த்தார்கள். 293 கட்டுரைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2014-ம் ஆண்டு ஆய்வில், பெண் சுண்டெலிகளின் அளவீடுகள் ஆண் சுண்டெலிகளைவிட அதிகம் ஏறி இறங்கவில்லை என்பது உறுதியானது. அப்படியே ஏறி இறங்கினாலும் அது விலக்குவதற்கான காரணம் ஆகாது. மாத்திரை சாப்பிடப்போகிற பெண்ணுக்கும் அந்தச் சுழற்சி உண்டு. அதோடு சேர்த்துத்தான் மருந்து வேலை செய்தாக வேண்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.ஹெச்., 2016 முதல் தன்னிடம் நிதி கேட்பவர்கள் விலங்கு ஆய்விலும் இரு பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் வலுவான காரணம் சொல்ல வேண்டும் என்று விதி வகுத்தது.

நாடாளுமன்றத்தில் எழுந்த குரல்

விதிகள் தானாக மாறவில்லை. பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று 1986-லேயே என்.ஐ.ஹெச். அறிவித்திருந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெண் உறுப்பினர்கள் குழுவை வழிநடத்திய பாட்ரிசியா ஷ்ரோடரும் ஒலிம்பியா ஸ்னோவும் அதை நம்பி சும்மா இருக்கவில்லை. அறிவிப்பு நடைமுறைக்கு வந்ததா என்று தணிக்கை செய்யச் சொன்னார்கள். கொள்கை காகிதத்தோடு நின்றுவிட்டது என்று 1990-ல் தணிக்கை அமைப்பு சாட்சியம் சொன்னது. அந்த வருடமே பெண்கள் நல ஆய்வுக்கென்று என்.ஐ.ஹெச்.சுக்குள் தனி அலுவலகம் பிறந்தது.

1991-ல் பெர்னடின் ஹீலி என்ற இதய நோய் நிபுணர் என்.ஐ.ஹெச்.சின் முதல் பெண் இயக்குநரானார். மாரடைப்பு வந்த ஆணைப் போலவே தன் நோயும் கடுமையானது என்று நிரூபித்த பிறகுதான் ஒரு பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சிகிச்சை கிடைக்கிறது என்று மருத்துவ இதழில் அவர் எழுதிய தலையங்கம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த நிலைமைக்கு ஆதாரம் பின்னால் வந்துகொண்டே இருந்தது. 2012-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்த பெண்களில் 42 சதவிகிதம் பேருக்கு நெஞ்சு வலியே இல்லை. ஆண்களில் இது சுமார் 31 சதவிகிதம். மூச்சுத்திணறல், குமட்டல், தாடை வலி, முதுகு வலி, காரணம் தெரியாத அசதி என்று வருகிற பெண்ணை வாயுத் தொல்லை என்று திருப்பி அனுப்பினால், இழப்பது இதயத் தசைக்கான பொன்னான நேரத்தை.

1993-ல் சட்டம் வந்தது. என்.ஐ.ஹெச். நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தே ஆக வேண்டும். கடைசிக் கட்டச் சோதனைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பலன் வேறுபடுகிறதா என்று கணக்கிட்டுச் சொல்லும்படி ஆய்வை வடிவமைக்க வேண்டும். ‘செலவு அதிகமாகும்’ என்ற காரணத்தைச் சொல்லி யாரும் பெண்களை விலக்க முடியாது. அதே வருடம் 1977-ன் தடையை எஃப்.டி.ஏ.வும் விலக்கிக்கொண்டது.

ஹீலி தொடங்கிவைத்த மிகப்பெரிய பெண்கள் நல ஆய்வில் 50 முதல் 79 வயதுக்குட்பட்ட 1,61,808 பேர் சேர்ந்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயம் பாதுகாக்கப்படும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இதய நோய் ஆகியவற்றைக் கூட்டுவதாகத் தெரிந்ததும் 2002-ல் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 50 வயதுகளில் ஆரம்பிப்பவருக்கும் 70-ஐத் தாண்டியவருக்கும் லாப நஷ்டம் வேறு என்ற நுட்பமும் பிற்பாடு அதே தரவுகளிலிருந்தே கிடைத்தது. 2025 ஏப்ரலில் இந்த ஆய்வின் மையங்களுக்கான நிதியை நிறுத்தப்போவதாக அமெரிக்க அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. முப்பது வருடங்களுக்கும் மேலாகச் சேர்த்த அறிவுக்கே இந்த நிலைமை.

சட்டத்துக்குப் பிறகு எண்ணிக்கை உயர்ந்தது உண்மை. ஆனால், அந்தச் சட்டம் என்.ஐ.ஹெச். நிதியில் நடக்கும் ஆய்வுகளோடு சரி. மருந்து நிறுவனங்கள் சொந்தப் பணத்தில் நடத்துபவை அதற்குள் வராது. 2010 முதல் 2017 வரை நடந்த 740 இதய நோய் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெண்கள் சுமார் 38 சதவிகிதம்தான்.

கர்ப்பிணிகள்: கடைசியில் நிற்பவர்கள்

பெண்களிலேயே அதிகம் விலக்கப்பட்டவர்கள் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும். கர்ப்ப காலத்திலும் ஆஸ்துமா வரும், வலிப்பு வரும், சர்க்கரை ஏறும். மருந்து கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு, எது என்பதற்கான ஆதாரம்தான் இருக்காது. கொரோனா காலத்தில் நாமே இதைக் கண்ணால் பார்த்தோம். தடுப்பூசிகளின் முதல் பெரிய சோதனைகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை. இந்தியாவில் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது 2021 ஜனவரியில். கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது ஜூலையில். இடையில் இரண்டாவது அலை வந்து போய்விட்டது.

எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரின் கதை இன்னும் பாடம் சொல்லும். பழைய மருந்துகளைவிட வேகமானது, பக்கவிளைவு குறைந்தது. 2018-ல் போட்ஸ்வானாவில் நடந்த கண்காணிப்பில், கருவுற்ற நேரத்தில் அந்த மருந்தை எடுத்துக்கொண்டிருந்த 426 பெண்களின் குழந்தைகளில் நான்கு பேருக்கு மூளை, தண்டுவட வளர்ச்சிக் குறை தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் எச்சரித்ததும், ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் பெண்களுக்கு மட்டும் அந்த மருந்து மறுக்கப்பட்டது. எச்.ஐ.வி.யோடு வாழும் ஆப்பிரிக்கப் பெண்கள் ருவாண்டாவின் கிகாலி நகரில் கூடி, ‘தகவலை எங்களிடம் சொல்லுங்கள், முடிவை நாங்கள் எடுக்கிறோம்’ என்ற நிலையை அறிக்கையாகவே வெளியிட்டார்கள். கண்காணிப்பு தொடரத் தொடர, நான்கு பேர் என்ற அந்தக் கணக்கு பெரிய எண்ணிக்கையில் கரைந்து, மற்ற மருந்துகளின் அளவுக்கே வந்து நின்றது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் அதையே முதல் மருந்தாகப் பரிந்துரைத்தது. சந்தேகம் எழுந்ததையும், அது தீர்ந்ததையும் சாத்தியமாக்கியது ஒன்றுதான்: போட்ஸ்வானாவில் யாரோ ஒவ்வொரு பிரசவத்தையும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள்.

கர்ப்பிணிகளிடமும் பிரசவித்த பெண்களிடமும் ஆய்வு நடத்தவே முடியாது என்பது கட்டுக்கதை. அதற்குச் சாட்சி ஜப்பானின் உடாகோ ஒகமோட்டோ. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காமல் போய்ப் பெண்கள் சாவதைத் தடுக்க மருந்து தேடியவர். போருக்குப் பிந்தைய வறுமையில் ஆய்வுக்கு ரத்தம் வாங்கக் காசில்லை. தன் ரத்தத்தையும் கணவர் ஷோசுகே, சக ஆய்வாளர்கள் ஆகியோரின் ரத்தத்தையும் எடுத்து வேலை பார்த்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாட்களில் மகளை முதுகில் கட்டிக்கொண்டு சோதனைக்கூடத்தில் நின்றார் உடாகோ. 1962-ல் அவர்கள் உலகுக்குச் சொன்ன மருந்துதான் டிரானெக்ஸாமிக் அமிலம். எந்தப் பெண்களுக்காகக் கண்டுபிடித்தாரோ, அந்தப் பெண்களிடம் அதைப் பெரிய அளவில் சோதிக்க உள்ளூர் மகப்பேறு மருத்துவர்களை அவரால் சம்மதிக்க வைக்க முடியவில்லை. 21 நாடுகளில் 20,060 தாய்மார்களிடம் நடந்த சர்வதேச ஆய்வு 2017 ஏப்ரலில்தான் வெளியானது. ரத்தப்போக்கால் நிகழும் மரணம், மூன்று மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தால் 31 சதவிகிதம் குறைந்தது. 55 வருடம் கழித்து வந்த அந்த முடிவைக் காண உடாகோ இல்லை. அதற்கு முந்தைய வருடம், 98 வயதில் காலமாகியிருந்தார்.

பிரசவ ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆய்வுகளில் இந்தியாவின் பங்கும் பெரியது. கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டக் கிராமங்களில், 1,620 பிரசவங்களை வைத்து நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. கிராம சுகாதார செவிலியர்கள் மிசோப்ரோஸ்டால் மாத்திரை கொடுத்ததும், அதீத ரத்தப்போக்கு 12 சதவிகிதத்திலிருந்து 6.4 சதவிகிதமாகக் குறைந்தது. அந்த ஆய்வுக்காக அங்கே உருவான எளிய சாதனம் ஒன்று உண்டு. பிரசவமானதும் தாயின் அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. கீழே பை மாதிரி தொங்கும். அதில் அளவுக்கோடு போட்டிருக்கும். எவ்வளவு ரத்தம் போகிறது என்று கண் மதிப்பில் ஊகிக்காமல் கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இதே வகை அளவு விரிப்பும், உடனே தொடங்கும் சிகிச்சைத் தொகுப்பும் சேர்ந்து கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டன. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்கள். கடும் ரத்தப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 சதவிகிதம் குறைந்ததாக 2023-ல் முடிவு வந்தது.

சேர்த்தால் மட்டும் போதுமா?

பெண்கள் ஆய்வில் இல்லாமலே இருந்தார்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். ஏழைப் பெண்களை இழுத்துப் போட்டுக்கொண்ட ஆய்வுகளும் உண்டு. கருத்தடை மாத்திரையின் முதல் பெரிய சோதனை 1956-ல் புவேர்ட்டோ ரிக்கோவின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்தது. இன்றைய மாத்திரையைவிடப் பல மடங்கு ஹார்மோன். இது சோதனை என்பதே அந்தப் பெண்களுக்கு விளக்கப்படவில்லை. களத்தில் பொறுப்பேற்றிருந்த பெண் மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 சதவிகிதம் பேருக்குத் தலைசுற்றல், வாந்தி போன்ற தொல்லைகள் வருவதாகவும், இவ்வளவு பக்கவிளைவுள்ள மருந்தை ஏற்க முடியாது என்றும் எழுதினார். அவர் சொன்னது எடுபடவில்லை.

நம் பக்கத்திலேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடும் ஆய்வுத் திட்டம் நடந்தது. அதில் பலர் பழங்குடிச் சிறுமிகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் போட்டிருந்தார்கள். 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையான அறிக்கை தந்தது. அந்தக் காலத்தில் நேர்ந்த சிறுமிகளின் மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருப்பதாக அரசின் விசாரணைக் குழு காணவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதில் அந்தத் தடுப்பூசியின் பலன் உலகம் முழுக்க உறுதியாகியிருக்கிறது. ஆனாலும், கேட்காமல் போட்ட ஊசி விதைத்த பயம், நல்ல தடுப்பூசி ஒன்றின் பாதையை இந்தியாவில் வருடக்கணக்கில் அடைத்துவிட்டது.

திண்டுக்கல் சொல்லும் செய்தி

கேட்டு, விளக்கி, வீட்டுக்கு அருகிலேயே போய் நடத்தினால் பெண்கள் வருகிறார்கள். 2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு அதற்கு நல்ல சான்று. அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ மருத்துவமனையும், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் கைகோத்தன. 30 முதல் 59 வயதுப் பெண்களை அழைத்து, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவினார்கள். ஒரு நிமிடம் காத்திருந்தால், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையை அதே நாளில் அதே நர்ஸ்களே கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து நகரத்துக்கு வா, கணவரை அழைத்துக்கொண்டு வா என்ற அலைக்கழிப்பு இல்லை.

அழைக்கப்பட்ட 49,311 பேரில் சுமார் 64 சதவிகிதம் பேர் வந்தார்கள். 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, அந்தக் குழுவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவிகிதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவிகிதமும் குறைந்திருந்தன. அதே வருடம் தேனியிலும் தஞ்சாவூரிலும் இந்தப் பரிசோதனையை அரசு முன்னோட்டமாக எடுத்துக்கொண்டது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது.

இந்தப் பெருமையோடு ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பரிசோதனை இல்லாமல் வழக்கமான சிகிச்சை முறையிலேயே விடப்பட்ட பெண்கள் 30,958 பேர். இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகள் சிலவற்றில் இப்படி ஒரு குழுவை வைத்தது சரிதானா என்று சர்வதேச அளவில் விவாதம் எழுந்தது. அந்தப் பெண்களிடம் என்ன சொல்லப்பட்டது, ஆய்வு முடிந்ததும் பலன் அவர்களுக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தது என்பவை எந்த ஆய்வைப் பார்த்தும் நாம் கேட்டாக வேண்டிய கேள்விகள்.

இனி என்ன?

முதல் வேலை, ஆய்வில் யார் சேரலாம் என்ற நிபந்தனைகளைத் திரும்பிப் பார்ப்பது. பல ஆய்வுகள் ஹீமோகுளோபின் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவிகிதம். ‘பெண்கள் வேண்டாம்’ என்று யாரும் எழுதாமலே அந்த ஒற்றை வரி பெண்களை வடிகட்டிவிடும். அதிகபட்ச வயது வரம்பும் அப்படித்தான். பெண்களுக்கு இதய நோய் ஆண்களைவிடத் தாமதமாக வருகிறது. 70 வயதோடு கதவை மூடினால் நோயுள்ள பெண்கள் வெளியே நிற்பார்கள்.

இரண்டாவது, ஆய்வை அவர்களின் நாளோடு பொருத்துவது. காலை எட்டு மணிக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொன்னால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய பெண்ணோ, நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்ணோ எப்படி வருவார்? பயணப்படி, இழந்த கூலி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், பேசிப் புரியவைக்கப் பெண் பணியாளர், மாலை நேரப் பரிசோதனை ஆகியவை ஆய்வின் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும். ஒப்புதலை அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசி வாங்க வேண்டும். கணவரோ மாமியாரோ பக்கத்தில் நின்று தலையாட்டுவது அவளுடைய சம்மதம் ஆகாது. எளிதில் பாதிப்புக்குள்ளாகும் நிலையில் இருப்பவர்களிடம் புதிய வேதிமருந்தைச் சோதிக்கும்போது, ஒப்புதல் பெறுவதை ஒலி-ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று 2019-ன் மருந்துச் சோதனை விதிகள் சொல்கின்றன. நெறிமுறைக் குழுவில் ஒரு பெண் உறுப்பினராவது இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. மருந்து பெண்களுக்கு என்னும்போது அந்த ஒருவர் போதுமா என்பதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, சேர்த்துக்கொண்ட பிறகு பிரித்துப் பார்ப்பது. நூறு பேரில் நாற்பது பெண்கள் இருந்தும், பலனையும் பக்கவிளைவையும் ஆண், பெண் என்று பிரித்துச் சொல்லாத கட்டுரையால் அந்த நாற்பது பேருக்கு என்ன பிரயோஜனம்? கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் எப்படிப் பாதுகாப்பாகச் சோதனைகளில் சேர்ப்பது என்பதற்கான சர்வதேச வழிகாட்டுதலின் வரைவு 2025-ல் வெளியாகியிருக்கிறது. அதை உருவாக்கும் சர்வதேச அமைப்பில் இந்தியா பார்வையாளர் மட்டுமே. உறுப்பினராகும் வரை காத்திருக்காமல், அதன் நல்ல அம்சங்களை நம் விதிகளில் சேர்த்துக்கொள்வதற்குத் தடை ஏதும் இல்லை.

இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். ஆண், பெண், இருவரும் எனப் பங்கேற்கத் தகுதியானவர்களைக் குறிப்பிட அங்கே ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. உண்மையில் சேர்ந்த பெண்கள் எத்தனை, இடையில் விலகியவர்கள் எத்தனை, ஏன் விலகினார்கள், அவர்களுக்கு நேர்ந்த பக்கவிளைவுகள் என்ன என்ற விவரங்களையும் ஆய்வு முடிந்ததும் அங்கேயே பதிவிடுவதைக் கட்டாயமாக்கி, நோய் வாரியாக வருடம் ஒருமுறை தொகுத்து வெளியிட வேண்டும். புதிய மருந்துக்கு அனுமதி கேட்டு வரும் நிறுவனத்திடம் அதிகாரி முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுவாக இருக்கட்டும்.